கைகட்டி நிற்பவர் என்ன சொல்கிறார்?

அத்தியாயம் 5: உடல்மொழியைப் படிப்பதும், பிழையாகப் படிக்காமல் இருப்பதும்

கோயம்புத்தூரில் ஒரு இயந்திரப் பட்டறைக்கு ஆள் எடுக்கும் குழுவில் நான் சேர்ந்த புதிது. டிப்ளமா முடித்த ஒரு பையன் உள்ளே வந்தான். கதவருகிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி, மேசை விளிம்பையே பார்த்தபடி நின்றான். கேட்டதற்கெல்லாம் பாதிக் குரலில்தான் பதில். அந்த வாரம்தான் உடல்மொழி பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து முடித்திருந்தேன். கையைக் கட்டினால் மனத்தை மூடிக்கொள்கிறார், கண்ணைப் பார்க்காவிட்டால் எதையோ மறைக்கிறார் என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். மதிப்பெண் தாளில் 'தன்னம்பிக்கை இல்லை, வெளிப்படையாக இல்லை' என்று எழுதிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த ஃபோர்மேன் ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் கிடந்த ஒரு கடைசல் ஜாப்பையும் வெர்னியரையும் எடுத்து நீட்டி, "இது எத்தனை இருக்குன்னு பாரு தம்பி" என்றார். கட்டியிருந்த கை அவிழ்ந்தது. பையன் முதலில் ஜாப்பைச் சட்டை நுனியில் துடைத்தான். வெர்னியரின் இரண்டு தாடையையும் சேர்த்து மூடி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சுழியம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தான். ஓரிடத்தில் அளந்தான். ஜாப்பைக் கால் சுற்று திருப்பி மறுபடியும் அளந்தான். பிறகு நிமிர்ந்து ஃபோர்மேனின் கண்ணை நேராகப் பார்த்து, "ரெண்டு பக்கமும் ஒரே அளவு வரலைங்க சார். லேசா ஓவலா இருக்குங்க" என்றான். குரல் முழுதாக வந்தது.

அவன் வெளியே போனதும் ஃபோர்மேன் என் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அவன் நின்னதைப் பார்த்தீங்க. நம்ம முன்னாடி நின்னான்ங்கிறதைப் பார்க்கலையே சார்."

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான். உடல் பேசுகிறது, சந்தேகமில்லை. ஆனால் இந்த அசைவுக்கு இந்தப் பொருள் என்று வரிசையாகச் சொல்லும் அகராதி அதற்குக் கிடையாது. யார், யார் முன்னால், எந்த இடத்தில், வழக்கமாக எப்படி இருப்பவர் என்ற நான்கையும் விட்டுவிட்டு அசைவை மட்டும் படித்தால் நாம் படிப்பது நம்முடைய ஊகத்தைத்தான்.

முதலில் கழிக்க வேண்டியவை

புதிதாகக் கற்றுக்கொள்வதற்கு முன், பயிற்சி வகுப்புகளிலும் யூடியூபிலும் கேட்டுக் கேட்டு மனத்தில் தங்கிவிட்ட மூன்று தவறான நம்பிக்கைகளைக் கழித்துவிடுவோம்.

ஒன்று: 'பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38 சதவீதம், உடலுக்கு 55 சதவீதம்.' இந்த எண்கள் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவற்றில் யாரும் உரையாடவே இல்லை. தனித்தனிச் சொற்களை வேறுவேறு தொனியில் பதிவுசெய்து கேட்கவைத்தார்கள். ஓர் ஆய்வில் 'இருக்கலாம்' என்ற பொருளுடைய ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை முகப் படங்களோடு சேர்த்துக் கொடுத்து, பேசுபவருக்கு எதிராளிமேல் பிரியமா வெறுப்பா என்று கேட்டார்கள். சொல் ஒன்றும் முகம் ஒன்றுமாகச் சொன்னால், பிரியம் வெறுப்பு விஷயத்தில் நாம் முகத்தைத்தான் நம்புவோம் என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம். தன் எண்களை எல்லாப் பேச்சுக்கும் நீட்டக் கூடாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். கேட்பதில் 93 சதவீதம் சொல்லுக்கு வெளியே இருப்பது உண்மையானால், தெலுங்கு தெரியாதவருக்குத் தெலுங்குப் படம் முக்கால்வாசிக்கு மேல் புரிய வேண்டும். சண்டை புரியும், பாட்டு புரியும். கதாநாயகி எதற்காகக் கோபித்துக்கொண்டு போனாள் என்பது புரியாது.

இரண்டு: 'முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம்.' சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த ஆய்வுகளில் உண்மை பொய் பிரித்துச் சொன்னவர்கள் மொத்தம் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்தே ஆபத்தானவர்களைப் பிடிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பணியில் அமர்த்தினார்கள். 2007இலிருந்து அதற்குச் சுமார் 90 கோடி டாலர் செலவானது. இப்படிக் கண்டுபிடிப்பது குருட்டு அதிர்ஷ்டத்துக்குச் சமம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் என்று அந்நாட்டின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2013இல் அறிக்கை கொடுத்தது. பயிற்சி பெற்றவர்களின் கதையே இது.

மூன்று: 'வலப்பக்கம் மேலே பார்த்தால் பொய், இடப்பக்கம் பார்த்தால் உண்மை.' ரிச்சர்ட் வைஸ்மனும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கண் போகும் திசைக்கும் பொய்க்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. யோசிக்கும்போது கண் எங்கேயோ போகிறது, அவ்வளவுதான். மளிகைக் கடை அண்ணாச்சி மனக்கணக்குப் போடும்போது மேலே பார்ப்பதில்லையா? அவர் பொய்க் கணக்கா போடுகிறார்?

நம் உடலுக்கு நம் இலக்கணம்

உடல்மொழியை வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. நாம் பேசும் தமிழே அதற்குச் சாட்சி. உதவ மறுத்தவர் 'கையை விரித்தார்'. வழி தெரியாதவர் 'கையைப் பிசைந்தார்'. நம்பிக்கை இல்லாதவர் 'உதட்டைப் பிதுக்கினார்'. வியந்தவர் 'மூக்கில் விரல் வைத்தார்'. பிடிக்காதவரோடு 'முகம் கொடுத்துப் பேசவில்லை'. சொன்னதற்கெல்லாம் உடன்படுகிறவர் 'தலையாட்டி பொம்மை'. இந்தத் தொடர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், குறைந்தது ஐம்பது வரும். நம் முன்னோர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த குறிப்பேடு இது.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது. 71ஆவது அதிகாரம் அரசவையில் பிறர் மனத்தை அறிவது பற்றியது; 110ஆவது காதலில் அறிவது. தலைப்பு ஒன்று, இடம் வேறு. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது அந்த நூல். சிரிப்பு ஒன்றுதான், காரணம் நான்கு. அச்சத்துக்குச் சொல்லும் நான்கில் தெய்வமும் விலங்கும் திருடரும் போக, நான்காவதாக வருபவர் தன் தலைவர். நேர்காணல் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாம் அந்த நான்காவது காரணம். இதை மறந்துவிட்டுத்தான் எதிரில் இருப்பவரைப் 'பதற்றக்காரர்' என்று எழுதுகிறோம்.

இனி, நம் ஊரில் அன்றாடம் பார்க்கும் சில குறிகளை எடுத்துக்கொள்வோம்.

கைகட்டுதல். வெளிநாட்டுப் புத்தகங்களில் இது எதிர்ப்பு. நம் பள்ளிக்கூடத்தில் 'கையைக் கட்டி வாயைப் பொத்து' என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். இங்கே இது அடக்கம். அதே கைகட்டல் கம்பீரமாகவும் ஆகும். விவேகானந்தர் 1893இல் சிகாகோவில் எடுத்துக்கொண்ட படத்தை நினைத்துப் பாருங்கள். கை கட்டியிருக்கிறது, ஆனால் மார்பு விரிந்து, முகவாய் உயர்ந்து, பார்வை நேராக இருக்கிறது. பட்டறைக்கு வந்த பையனுக்கும் கை கட்டியிருந்தது. தோள் உள்ளே ஒடுங்கியிருந்தது, பார்வை தாழ்ந்திருந்தது. கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. தோளையும் முகவாயையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு துருவம். குளிர்சாதனம் அதிகமாக ஓடும் அறையில் கை கட்டுகிறவர் இந்த இரண்டிலும் சேரமாட்டார். அவருக்குக் குளிர்கிறது.

கண்ணைத் தாழ்த்துதல். பெரியவர் திட்டும்போது நிமிர்ந்து பார்த்தால் 'என்னடா முறைக்கிறே' என்று இன்னும் இரண்டு விழும். தாழ்த்திப் பார்க்கப் பழகிய பிள்ளையிடம், வேலைக்கு வந்ததும் 'ஐ காண்டாக்ட் இல்லை' என்று குறை சொல்கிறோம். இருபது ஆண்டுப் பழக்கத்தை இருபது நிமிட நேர்காணலில் மாற்றச் சொல்வது நியாயமா?

தலையாட்டல். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆமாம். இடமும் வலமும் திருப்பினால் இல்லை. மூன்றாவது ஒன்று இருக்கிறது: முகம் நேரே இருக்க, தலை மட்டும் ஒரு தோளை நோக்கியும் மறு தோளை நோக்கியும் சாய்வது. விரைவாக ஒருமுறை சாய்ந்தால் 'சரி, செய்துவிடுகிறேன்'. பேச்சின் நடுவே மெல்லத் தொடர்ந்து சாய்ந்தால் 'சொல்லுங்கள், கேட்கிறேன்'. மெதுவாகச் சாய்ந்து உதடும் பிதுங்கினால் 'பார்க்கலாம்', அதாவது ஏறக்குறைய முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் நம் ஊர்க் குழுக்களோடு பேசும்போது அதிகம் தடுமாறுவது இங்கேதான். தலை சாய்ந்ததை அவர்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார்கள். சாய்த்தவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாமும் நமக்குள் இதே பள்ளத்தில் விழுகிறோம். மருந்து எளிது: தலையாட்டலை விடையாக ஏற்காதீர்கள். "சரி, என்னைக்கு முடிச்சுத் தருவீங்க?" என்று கேட்டு, தேதியை வாயால் வாங்குங்கள்.

உடையும் உடல்மொழியே. மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரியவரைக் கண்டதும் இறக்கிவிடுகிறோம். இது மரியாதை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கவேண்டும் என்று சிலரைக் கட்டாயப்படுத்திய காலமும் இதே மண்ணில் இருந்தது. அது மரியாதை இல்லை, சாதியின் மிரட்டல். ஆகவே பணிவான தோற்றத்தைக் கண்டதும் 'நல்ல குணம்' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்தப் பணிவு எதனால் வந்தது என்று ஒரு கணம் யோசியுங்கள்.

இடைவெளி. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் வெளியிட்ட நூலில் மனிதர்கள் காக்கும் தூரத்தை நான்காகப் பிரித்தார்: நெருக்கமானவர்களுக்கு ஒன்றரை அடிக்குள், தெரிந்தவர்களுக்கு நான்கு அடிவரை, அலுவல் பேச்சுக்குப் பன்னிரண்டு அடிவரை, பொதுமேடைக்கு அதற்கும் மேல். இந்த அளவுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி நடுத்தர வகுப்பினரைப் பார்த்து எழுதியவை என்று அவரே குறித்திருக்கிறார். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் பஸ் காலியான பிறகும் ஒருவர் உங்களை ஒட்டியே உட்கார்ந்திருந்தால், அது கவனிக்கவேண்டிய சேதி. கூட்டம் குறைந்தும் தூரம் கூடவில்லை என்பதே நம் ஊரில் பார்க்கவேண்டிய குறி.

மறைத்துப் பேசும் கையும் உண்டு. மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கை கொடுப்பார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடிப்பதிலும் விடுவதிலும் விலை ஏறி இறங்கும். சுற்றி நிற்பவர்களுக்கு எண் தெரியாது. துண்டுக்கு மேலே அந்த இரண்டு முகங்களிலும் எதுவும் இருக்காது. ஒருவர் மாட்டைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார். கைக்குத் துண்டு போட்டவர்கள் முகத்துக்கும் ஒன்று போட்டிருக்கிறார்கள். முகத்தை அடக்கத் தெரிந்தவர் நம்மிடையே நிறையப் பேர் என்பதை நினைவில் வையுங்கள்.

படிக்கும் முறை: ஐந்து படிகள்

1. வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் இயல்பாக எப்படி உட்காருவார், எவ்வளவு சத்தமாகப் பேசுவார், கையை எவ்வளவு ஆட்டுவார் என்பது தெரியாமல் அவருடைய ஒரு அசைவுக்கும் பொருள் சொல்ல முடியாது. எப்போதும் காலை ஆட்டிக்கொண்டே இருப்பவர் இன்றும் ஆட்டினால் அதில் சேதி இல்லை. புதியவராக இருந்தால் முதல் ஐந்து நிமிடம் எளிய பேச்சு பேசுங்கள்: எந்த பஸ்ஸில் வந்தீர்கள், சாப்பிட்டாயிற்றா. அப்போது தெரிவதே அவருடைய வழக்கம்.

2. மாற்றத்தைப் பிடியுங்கள். ஆட்டிக்கொண்டிருந்த கால் சட்டென்று நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. எந்தச் சொல்லுக்குப் பிறகு நின்றது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அது என்ன என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள். 'சம்பளம்' என்ற சொல் வந்ததும் ஒருவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தால், அது ஏமாற்றமாக இருக்கலாம், கணக்குப் போடுவதாக இருக்கலாம், முதுகுவலியாகவும் இருக்கலாம்.

3. கொத்தாகப் பாருங்கள். ஒரு குறி போதாது. முகம், குரல், கை, கால், தூரம் இவற்றில் குறைந்தது மூன்று ஒரே பக்கம் காட்டவேண்டும். சிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதிவைத்தார்: வாயோரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது அசைக்கலாம், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை மனம் மகிழும்போதுதான் இயல்பாகச் சுருங்கும். கண்ணோரத்தில் சிறு மடிப்பு விழுந்து, கன்னம் மேலேறி, கீழிமை லேசாகத் தடித்தால் சிரிப்பு உள்ளிருந்து வருகிறது என்று கொள்ளலாம். ஆனால் அந்தத் தசையையும் வேண்டுமென்றே சுருக்கத் தெரிந்தவர்கள் பலர் என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே கண்ணோரத்தோடும் நின்றுவிடக் கூடாது. சிரிப்பு எப்படி வடிகிறது என்று பாருங்கள். மெல்ல மங்கினால் ஒன்று. விளக்கை அணைத்ததுபோல நின்றால் வேறொன்று.

4. சூழலைக் கழித்துவிடுங்கள். இரவு வேலை முடித்து வந்தவரின் கண் சிவந்திருக்கும். நோன்பு இருப்பவரின் குரல் தாழ்ந்திருக்கும். முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியைச் சொல்ல முடியுமா என்று லிசா ஃபெல்ட்மன் பாரட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2019இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். கோபப்படும் எல்லாரும் முகத்தைச் சுளிப்பதில்லை; முகத்தைச் சுளிக்கும் எல்லாரும் கோபத்தில் இல்லை என்பதே அதன் சாரம். கணக்குப் பாடத்தில் மூழ்கிய பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

5. கேளுங்கள். முதல் நான்கு படிகளும் இந்த ஐந்தாவதற்காகத்தான். வீட்டு உதாரணம் ஒன்று. தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் பையை சோபாவில் எறிந்துவிட்டு நேராக அடுக்களைக்கு ஓடும் பெண், இன்று பையைச் சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்துவைக்கிறாள். தின்பதற்கு என்ன என்று கேட்கவில்லை. தம்பி வம்பிழுத்தும் திருப்பி அடிக்கவில்லை. வழக்கம் தெரியும், மாற்றம் மூன்று, மூன்றும் ஒரே பக்கம். இப்போது, "ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும், அது கேள்வி இல்லை, தீர்ப்பு. "இன்னைக்குக் கொஞ்சம் அமைதியா இருக்கியே கண்ணு, என்னாச்சு?" என்று கேளுங்கள். கண்டதை மட்டும் சொல்லி, காரணத்தை அவளிடம் விட்டுவிடுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் ராத்திரி சாப்பிடும்போது வரும்.

அலுவலகத்திலும் இதே வாக்கிய அமைப்புதான். "உங்களுக்கு இதில் இஷ்டமில்லைபோல" என்பது தீர்ப்பு. "தேதியைச் சொன்னதும் கொஞ்சம் யோசிச்ச மாதிரி இருந்துச்சு, ஏதாவது சிக்கல் இருக்கா?" என்பது கேள்வி.

உங்கள் உடல் என்ன சொல்கிறது?

1904இல் பெர்லின் நகரமே ஒரு குதிரையைப் பற்றிப் பேசியது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஃபான் ஓஸ்டன் வளர்த்த ஹான்ஸ் என்ற அந்தக் குதிரை, கூட்டல் கழித்தல் கேட்டால் காலைத் தட்டி விடை சொல்லும். அறிஞர் குழு வந்து பார்த்தது. ஏமாற்று எதுவும் தென்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்து 1907இல் மர்மத்தை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணில் படாவிட்டாலும் தெரியவில்லை. கேள்வி கேட்டதும் மனிதர் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிகிறார். சரியான எண் வந்ததும் தன்னையறியாமல் தலையை இம்மியளவு நிமிர்த்துகிறார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடுகிறது. ஃபான் ஓஸ்டனுக்கே தான் குறி காட்டுவது தெரியாது.

குதிரைக்கே அவ்வளவு தெரிந்தால், வேலைக்காக உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு எவ்வளவு தெரியும்! ஒருவர் பேசும்போது நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அவர் பதிலைச் சுருக்குவார். நீங்கள் புருவத்தைச் சுருக்கினால் சரியான விடையைக்கூட மாற்றிச் சொல்வார். பிறகு 'தெளிவில்லை' என்று அவர் பெயருக்கு நேரே எழுதுகிறோம். எதிராளியிடம் நாம் காணும் உடல்மொழியில் ஒரு பாதி நம்முடையதன் எதிரொலி.

ஆகவே இவற்றைப் பழகிக்கொள்ளுங்கள்:

மேசைக்கு நேர் எதிரே உட்காரவைப்பதைவிட, மேசை மூலையின் இரு பக்கமாக உட்காருங்கள். விசாரணை வாடை போய்விடும்.

கைப்பேசியைக் கவிழ்த்துவைத்தால் போதாது, பைக்குள் போடுங்கள். மேசைமேல் இருக்கும் கைப்பேசி 'உன்னைவிட முக்கியமானவர் எந்த நேரமும் கூப்பிடலாம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

குறிப்பெழுதுவதானால் முன்கூட்டிச் சொல்லுங்கள். திடீரென்று பேனா ஓடினால் பேசுபவருக்கு 'என்ன தப்பாகச் சொன்னோம்' என்று பதறும்.

வீடியோ அழைப்பில் எதிராளியின் முகத்தைப் பார்த்தால் அவருக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத்தான் தெரியும். முக்கியமான ஒன்றிரண்டு வரிகளையாவது கேமராத் துளையைப் பார்த்துச் சொல்லுங்கள். கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். நாலு புத்தகத்தை அடுக்கினால் போதும்.

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். இரண்டு நிமிடம் உடலை விரித்து வெற்றிவீரர்போல உட்கார்ந்தாலோ நின்றாலோ உடம்பில் ஹார்மோனே மாறும் என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அதில் கலந்துகொண்டவர்கள் 42 பேர். 2015இல் 200 பேரை வைத்துச் செய்தபோது அந்த ஹார்மோன் மாற்றம் வரவில்லை. மூல ஆய்வை எழுதியவர்களில் முதலாமவரே 2016இல் அதைத் தாம் நம்பவில்லை என்று அறிவித்துவிட்டார். குளியலறையில் நின்று வீரம் பழகும் நேரத்தில், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கான பதிலை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பதில் கையில் இருந்தால் தோள் தானாக நிமிரும். வெர்னியர் கைக்கு வந்ததும் அந்தப் பையன் நிமிர்ந்தது அப்படித்தான்.

எங்கே படிக்கக் கூடாது?

பணம் காணாமல் போனது, பொருள் திருடுபோனது என்றால் முகத்தைப் பார்த்து யார்மீதும் பழி போடாதீர்கள். குற்றம் செய்யாதவரும் சந்தேகப் பார்வை விழுந்ததும் வியர்ப்பார், திக்குவார். அதுவும் வீட்டு வேலைக்கு வருபவர், கடைப் பையன் போன்றவர்களுக்குப் பயப்பட நியாயமான காரணம் இருக்கிறது. முதல் பழி தங்கள்மேல்தான் விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உடல்நலம் முகத்தை மாற்றும். பார்க்கின்சன் நோய் உள்ளவரின் முகத்தில் அசைவு குறைந்து, உணர்ச்சியே இல்லாததுபோலத் தெரியலாம். பக்கவாதம் வந்தவரின் சிரிப்பு ஒரு பக்கமே ஏறலாம். ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்குக் கண்ணைப் பார்த்துப் பேசுவது துன்பம். பார்க்காமல் இருக்கும்போதுதான் நன்றாகக் கேட்பார்கள். இவர்களை நம் அளவுகோலால் அளந்தால் நாம்தான் தோற்போம்.

இன்னொன்றும் உண்டு. 'வாயால் வேண்டாம் என்றாள், கண்ணால் சரி என்றாள்' என்று திரைப்படங்கள் நமக்குப் பாடம் நடத்தியிருக்கின்றன. வேண்டாம் என்ற சொல்லுக்கு மேல் எந்த உடல்மொழியும் இல்லை. மாறாக, வாய் 'சரி' என்று சொல்லி உடல் பின்வாங்கினால், அங்கே நின்று மறுபடியும் கேட்கத்தான் வேண்டும்.

ஒரு வாரப் பயிற்சி

முதல் இரண்டு நாள்: நீங்கள் தினமும் பார்க்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய வழக்கத்தை ஐந்து வரியில் எழுதுங்கள். 'நல்லவர்', 'சிடுமூஞ்சி' போன்ற சொற்கள் வரக் கூடாது. 'டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார்' என்பதுபோலக் கண்ணால் கண்டது மட்டும்.

மூன்றாம், நான்காம் நாள்: தெரியாத மொழித் தொடர் ஒன்றைச் சத்தமில்லாமல் பத்து நிமிடம் பாருங்கள். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பிறகு தமிழ்த் துணைத்தலைப்புகளோடு பாருங்கள். எத்தனை ஊகம் தவறு என்று எண்ணுங்கள். இந்த எண்தான் இந்த வாரத்தின் பெரிய வருமானம்.

ஐந்தாம், ஆறாம் நாள்: நாளுக்கு ஒருமுறையாவது 'தீர்ப்பு' வாக்கியத்தைக் 'கேள்வி' வாக்கியமாக மாற்றிப் பேசுங்கள். என்ன பதில் வந்தது என்று குறித்துவையுங்கள்.

ஏழாம் நாள்: நீங்கள் பேசுவதை மூன்று நிமிடம் கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தத்தோடு. கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சம் முகத்தில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள்.

அந்தப் பையனை நாங்கள் எடுத்துக்கொண்டோம். என் தாளில் எழுதியதை நானே அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அதையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். உங்கள் முன்னால் யாராவது கைகட்டி நின்றால், அதற்குப் பொருள் தேடுவதற்கு முன் அவரை உட்காரச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். அவருக்குத் தெரிந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். கை தானாக அவிழும். படிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகு.